மூன்றாம் ஜன்னல் படம்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முகத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அதுவும் சின்னதாகவா? எட்டடி நீளம், ஐந்தடி உயரம். திங்கட்கிழமை காலை கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக அலுவலகத்துக்குள் நுழைகிறேன், எதிர்ச் சுவரிலிருந்து நானே என்னை முறைக்கிறேன். தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

நான் வேலை பார்ப்பது முதியோர் உதவித்தொகை அலுவலகத்தில். மூன்றாம் நம்பர் ஜன்னல். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. முகத்துக்கு நேரே "மூணாம் நம்பர் அம்மா" என்பார்கள், கொஞ்சம் தள்ளிப் போனதும் "மூணாம் நம்பர் முறைப்பு" என்பார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அரசுக் கட்டடங்களில் ஓவியம் வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ ஆசை வந்து, போட்டி வைத்து, அதில் தேறிய படம் ஒன்று எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. படத்தில் எங்கள் கூடமேதான் இருந்தது. ஓரம் உடைந்த தரைக்கல், ஒரு கால் ஆடாமலிருக்கப் பழைய கோப்பு அட்டையை மடித்துச் செருகிய பெஞ்சு, ஓடினாலும் காற்று வராத மின்விசிறி, எல்லாம் அப்படியே. வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரைக்கும் வரிசையாகக் கிழவர்களும் கிழவிகளும். வரிசை போய் முடிகிற இடத்தில் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நான். இரண்டு புருவமும் முட்டிக்கொண்டு, உதடு இறுகி, எதிரே நிற்கிற கிழவியைக் கடித்துத் தின்னப் போகிறவள் மாதிரி குனிந்துகொண்டு.

எங்கள் கண்காணிப்பாளர் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்படியே இருக்கே" என்றார். "ஆளை வெச்சு அச்சடிச்ச மாதிரி."

"சார், இது யாரைக் கேட்டு வரைஞ்சாங்க?"

"கலைக்கெல்லாம் கேப்பாங்களாம்மா. விடுங்க, உங்களுக்கும் ஒரு பேரு."

பேராம், பேரு. அன்றைக்கு முழுக்க வரிசையில் நின்றவர்கள் படத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொள்வதுமாக இருந்தார்கள். ஒன்றாம் ஜன்னல்காரர் கைபேசியில் படமெடுத்து அலுவலகம் முழுக்க அனுப்பிவிட்டார். அது எப்படியோ என் வீட்டுக்காரர் வரைக்கும் போய்விட்டது. அவர் பேருந்து ஓட்டுகிறவர், ஊர் முழுக்க அவருக்கு ஆள் உண்டு.

"இருபத்தாறு வருஷமா நான் பார்க்கற மூஞ்சி" என்றார் வீட்டுக்குப் போனதும். "நானே வரைஞ்சிருந்தாலும் இவ்வளவு சரியா வந்திருக்காது."

அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அன்று மாலையே உட்கார்ந்து மனு எழுதினேன். மனு எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. ஊழியர் ஒருவரின் உருவத்தை அவர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் அரசுக் கட்டடத்தில் வைக்கக் கூடாது, அவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் படத்தை உடனே சுவரிலிருந்து எடுத்து வரைந்தவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும், இதற்கு ஒரு விதி வேண்டும் என்று ஒரு சொல் கூடக் குறையில்லாமல் எழுதினேன். மறுநாள் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை குத்தி, எண் வாங்கிக்கொண்ட பிறகுதான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

இரண்டு வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"உங்க மனு எங்கேயோ போயிடுச்சும்மா. குழு போட்டுட்டாங்க."

அரசுக் கட்டடங்களில் வைக்கப்படும் கலைப்படைப்புகளின் உள்ளடக்கம் தொடர்பான வழிகாட்டு நெறிமுறைகளை வகுக்கும் குழு. அந்தப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரே படத்துக்காகத்தான் அத்தனையும், ஆனால் ஒரே படத்துக்கு என்று விதி எழுத முடியாது, எல்லாக் கட்டடத்துக்கும் எல்லாப் படத்துக்கும் பொதுவாகத்தான் எழுத வேண்டும். குழு எங்கள் அலுவலகத்திலேயே கூடும், கண்காணிப்பாளர் அறைக் கண்ணாடி வழியாகப் படம் தெரிவதால் வசதி. தட்டச்சு செய்ய ஆள் இல்லாததால் குறிப்பெடுக்க நானே உட்கார வேண்டும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். என் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு மடச்சிதான்.

குழுவில் மூன்று பேர். தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர். பேசுகிற நேரம் போக மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அடுத்தவர் விளம்பரப் பிரிவு அதிகாரி. வயது முப்பத்தைந்து இருக்கும், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. மூன்றாவது எங்கள் கண்காணிப்பாளர். மற்ற இருவரும் என்ன சொன்னாலும் தலையாட்டுவதற்கு.

என் மனுவை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நான் எழுதிய வாசகத்தையே எடுத்து முதல் விதியாகப் போடச் சொன்னார் பேராசிரியர். நானும் பெருமையாகத் தட்டினேன். எழுந்து போய்விடுவார்கள் என்று பார்த்தால், விளம்பர அதிகாரி பேனாவால் கண்ணாடியைத் தட்டினார்.

"இந்த அம்மா முகம் ஒரு பிரச்சனையே இல்லைங்க. கொஞ்சம் சிரிக்க வெச்சா சரியாயிடும். எனக்குப் பிரச்சனை இந்த ஜனங்கதான்." பேனா நுனியால் எண்ணினார். "இருபத்தி மூணு பேர் நிக்கறாங்க. உள்ளே வர்றவன் என்ன நினைப்பான்? அரசாங்கம் வயசானவங்களை நிக்க வைக்குதுன்னு நினைக்க மாட்டானா?"

"நிக்கத்தானே சார் வைக்கறோம்" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"வைக்கறோம். அதுக்காக அதை மாட்டி வேற வைக்கணுமா?"

அதன் பிறகு மடமடவென்று விதிகள் வந்து விழுந்தன. பொதுமக்கள் காத்திருப்பதைக் காட்டக் கூடாது. காட்டியே ஆக வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பது போலக் காட்டலாம், ஆனால் நான்கு பேருக்கு மேல் கூடாது. வெறுங்கால் கூடாது. கைத்தடி கூடாது. கட்டு, பிளாஸ்திரி, கிழிசல் கூடாது. பெஞ்சில் தலை சாய்ந்து தூங்குகிற ஒரு தாத்தா படத்தில் இருந்தார், அவருக்காகத் தூக்கம் கூடாது. கண்காணிப்பாளர் அதுவரை வாய் திறக்கவில்லை, தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று "கொட்டாவி?" என்று கேட்டார். கொட்டாவியும் கூடாது என்று முடிவாயிற்று. அரசாங்கக் கோப்பில் கொட்டாவி என்று தட்டச்சு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"கலைன்னா மனசுக்கு இதமா இருக்கணும்" என்றார் பேராசிரியர், கண்ணைத் திறக்காமல். அதுவும் ஒரு விதியாயிற்று.

"ஊழியர்கள் சிரித்த முகத்தோடு இருக்கணும், கைகள் சுத்தமா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனார் விளம்பர அதிகாரி. "இதுல பாருங்க, இந்தம்மா கட்டைவிரல் நீலமா இருக்கு. ஏதோ அழுக்கு மாதிரி."

தட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது எனக்கு. படம் மாட்டி இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. என் முகத்தைத் தவிர அதில் வேறு எதையும் நான் பார்த்திருக்கவில்லை. விரல் நீலமாக இருக்கிறதா?

அதை நான் விளக்கிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வரிசையில் வருகிறவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. பாத்திரம் தேய்த்து, செங்கல் சுமந்து, துணி துவைத்து அவர்கள் கட்டைவிரலில் ரேகையே இருக்காது. மையில் அழுத்தித் தாளில் வைத்தால் ஒரு நீலத் திட்டுதான் விழும். மேல் அலுவலகத்தில் அதைப் பார்த்து "ரேகை தெளிவாக இல்லை" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி மனு, மறுபடி ஒரு மாதம். மற்ற ஜன்னல்களில் விரலைப் பிடித்து அழுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஒரு பாட்டில் மூடியில் ஈரப் பஞ்சு வைத்திருப்பேன். விரலை நனைத்து, துடைத்து, கொஞ்சமாக மை தொட்டு, அவர்கள் நகத்தின் மேல் என் இடது கட்டைவிரலை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே ஒரு தடவை உருட்டுவேன். அரை மூச்சு தவறினாலும் மை ஈஷிக்கொள்ளும். இதைச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது, நானாகக் கண்டுபிடித்தது. அதனால் என் இடது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி எப்போதும் நீலம் ஏறியிருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

சாப்பாட்டு நேரத்தில் முதல் முறையாகப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இருந்தது. பாட்டில் மூடி, மஞ்சள் பஞ்சு, நீல நகம், அதற்குக் கீழே அந்தக் கிழவியின் கட்டைவிரல். படத்தில் நான் கிழவியை முறைக்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உருட்டுகிற அந்த ஒரு நொடியில் என் முகம் இப்படித்தான் இருக்கும் போல. எனக்கு எப்படித் தெரியும், யார் எனக்கு அப்போது கண்ணாடி காட்டினார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு ஓவியரை வரவழைத்திருந்தார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், நகக்கண்ணெல்லாம் பெயிண்ட். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விளம்பர அதிகாரி பட்டியலை வாசித்துவிட்டு, பெரிய மனது பண்ணி எளிமையாகவும் சொன்னார்.

"பயப்படாதீங்க, படத்தை எடுக்கச் சொல்லலை. கூடம் நல்லா வந்திருக்கு, அது இருக்கட்டும். ஜன்னல் இருக்கட்டும், அம்மாவும் இருக்கட்டும். அவங்களைக் கொஞ்சம் சிரிக்க வெச்சுடுங்க, கையைச் சுத்தம் பண்ணிடுங்க. இந்த வரிசையை மட்டும் அழிச்சுட்டு, சுவர் கலர் அடிச்சுடுங்க."

"வரிசை முழுசுமா?"

"முழுசும்தான். விதி அப்படி."

ஓவியர் நகக்கண்ணிலிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"முதல்ல ஜன்னல்கிட்ட நிக்கறது எங்கம்மாங்க" என்றார். "அவங்களுக்கு வேற படம் கிடையாது. அடையாள அட்டைல இருக்கறதுல முகமே தெரியாது. அவங்களை அழிக்க என்னால முடியாது."

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் அதிகாரி. "போட்டியில பரிசு வாங்கிட்டீங்க, இப்ப இது அரசாங்கச் சொத்து. நீங்க மாத்தலைன்னா நாங்க ஆள் வெச்சு மாத்திப்போம். அரை நாள் வேலை."

அரை நாள் வேலையாம். நான் தட்டச்சு எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்த மனுவின் எண் தாளின் மேலேயே இருந்தது. என் மனு எண்.

கூட்டம் முடிந்து அவர் வெளியே போனதும் பின்னாலேயே போய் நடையில் நிறுத்தினேன்.

"அம்மா இப்ப எங்கே இருக்காங்க?"

"போயிட்டாங்கக்கா. பதினோரு மாசம் அலைஞ்சு, பணம் ரெண்டு மாசம் வாங்கினாங்க."

"அந்த ஆத்திரத்துலதான் என்னை அப்படி வரைஞ்சீங்களா?"

"எப்படி?"

"கடிச்சுத் திங்கற மாதிரி."

அவர் நிஜமாகவே திகைத்துப்போய்விட்டார்.

"ஐயோ, அப்படியா தெரியுது? மத்த ஜன்னல்ல மூணு தடவை ரேகை சரியில்லைன்னு திரும்பி வந்துச்சுக்கா. நீங்கதான் நாலு தாள் வீணாக்கி, அஞ்சாவது தாள்ல எடுத்தீங்க. பின்னாடி நிக்கறவங்க எல்லாம் சத்தம் போடறாங்க, நீங்க நிமிரவே இல்லை. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அம்மா அதையேதான் சொல்லிட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணு என் கையை விடவே இல்லடான்னு."

எனக்கு அந்த அம்மாவை நினைவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிடலாம், கேட்கிறவருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இல்லை. எத்தனை விரல், எத்தனை முகம். எனக்கு நினைவில்லாததை அவர் எட்டடியில் எழுதி வைத்திருக்கிறார், நான் அதன் மேல் மனு போட்டிருக்கிறேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். குரல் முன்னைப் போல ஏறவில்லை.

"கேக்கத்தான் ஜன்னலுக்கு வந்தேன். டோக்கன் இருக்கான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். அடுத்தவங்க வாங்கன்னுட்டீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பேன், தினமும் நூறு பேரிடம் அதையேதானே சொல்கிறேன்.

நேராகத் தபால் பிரிவுக்குப் போனேன். அங்கேயும் வரிசை. ஊழியர்தானே என்று உள்ளே புகுந்து போயிருக்கலாம், அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. என் முறை வந்ததும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். தபால் பிரிவு எழுத்தர் சிரித்தார்.

"பதிஞ்ச மனுவைத் திரும்பத் தர முடியாதுக்கா. இதை நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க."

ஆமாம், நான்தான் சொல்வேன். இப்போது அதை எனக்கே சொல்லக் கேட்டபோது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அடுத்து கண்காணிப்பாளர் ஒரு படிவத்தை நீட்டினார். நான் கேட்டு வாங்கிய முதல் விதியின்படி, மாற்றப் போகிற படத்தில் என் முகம் இருக்க நான் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். இரண்டு கட்டம். சம்மதம், சம்மதமில்லை.

"உள்ளதை உள்ளபடி விட்டா சம்மதம்னு எழுதித் தரேன் சார். அந்த இருபத்தி மூணு பேரோட, இதே முறைப்போட."

"அப்படி எழுத படிவத்துல இடம் இல்லையே."

"இடம் நான் உண்டாக்கறேன்."

"அம்மா, தயவுசெஞ்சு என் உயிரை வாங்காதீங்க. வெள்ளிக்கிழமை மேலதிகாரி வர்றாங்க. மாதிரி அலுவலகமா அறிவிக்கப் போறாங்க. அன்னிக்கு அவங்க முன்னாடி கையெழுத்து போடுங்க, சனிக்கிழமை ஆள் வந்து பெயிண்ட் அடிச்சுடுவான். உங்களைச் சிரிச்ச முகமா வைக்கறாங்க, இதுக்குமா ஒருத்தருக்குக் கோபம் வரும்?"

மூன்று நாள் அந்தப் படிவம் என் கைப்பையில் கிடந்தது. சம்மதித்தால் அந்த அம்மாவின் மேல் சுவர் வண்ணம் ஏறும். சம்மதிக்காவிட்டால் படம் மகனிடம் போய்விடும், முழுசாகப் போகும், ஆனால் எங்கள் கூடத்தில் இருக்காது. அது இருக்க வேண்டிய இடமே இதுதான் என்று எனக்குப் புரிந்தபோது இரண்டே கட்டம்தான் மிச்சமிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை.

"நீ சிரிச்சு நான் பார்த்திருக்கேன்" என்றார். "ஆனா ஜன்னல்ல உக்காந்து சிரிக்க மாட்டே. அது பொய்யா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வேறு எங்கேயோ வந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கூடத்தில் ஒரு ஆள் இல்லை. பெஞ்சுகள் இல்லை. தரை பளபளவென்று துடைத்திருந்தது. படத்தின் மேல் வெள்ளைத் துணி. ஒன்பது மணிக்கே வந்து டோக்கன் வாங்கியவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"பின்பக்கம் அனுப்பியிருக்கேன்" என்றார் கண்காணிப்பாளர். "ஒரு ரெண்டு மணி நேரம்தான். சுவர்ல வரிசை கூடாதுன்னு விதி போட்டுட்டு, நேர்ல வரிசை நின்னா நல்லாவா இருக்கும்? கூடம் படம் மாதிரியே இருக்கணும்னு விளம்பரப் பிரிவு சார் சொன்னாரு."

பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பழைய வண்டிகள் நிறுத்துகிற திறந்தவெளியில் நாற்பது ஐம்பது பேர். நிழல் என்று ஒரு சாண் இல்லை. பெஞ்சைக்கூட வெளியே போடவில்லை, மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு பெரியவர் தன் கோப்பு அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படத்திலிருந்து அழிக்கச் சொன்னவர்களை இவர்கள் கூடத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். பெயிண்ட் கூடத் தேவைப்படவில்லை.

"கையைக் கழுவிட்டு உக்காருங்கம்மா, வந்துடுவாங்க" என்று கண்காணிப்பாளர் விரட்டினார்.

உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு மேலதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும், அமைதியான முகம். விளம்பர அதிகாரி முன்னால் ஓடி ஓடிக் காட்டினார். துணியை விலக்கிப் பழைய படத்தைக் காட்டி, உடனே மூடினார்.

"மாத்தின பிறகு எப்படி இருக்கும்னு நேர்லயே பார்த்துடலாம் மேடம். இதோ, இந்தக் கூடம், இந்த ஜன்னல், இந்தம்மா. சுத்தமா, அமைதியா." என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் சிரிங்கம்மா."

மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரே வெறும் தரை. என் முன்னால் படிவம். கழுவிய கையில் நகத்தைச் சுற்றி நீலம் அப்படியே இருந்தது. பேனாவை எடுத்து, சம்மதமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்திட்டு, ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"ஏம்மா?" என்றார் மேலதிகாரி. கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் படத்துல இருக்கப் போறது நான் இல்லைங்க. ஆள் இல்லாத ஜன்னல்ல உக்காந்து பல்லைக் காட்டிட்டு இருக்கறவ யாருன்னே எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷத்துல இந்த ஜன்னல் ஒரு நாள் இப்படிக் காலியா இருந்ததில்லை. இன்னிக்குத்தான் காலி, உங்களுக்காக. அவங்க எல்லாரும் பின்னாடி வெயில்ல நிக்கறாங்க. எனக்கு மானம் போகுதுங்க. என் முகம் நல்லா இல்லைன்னு நான் மனு போட்டேன், தப்பு. முகத்தை வேணும்னா எடுத்துக்கங்க. இவங்களை இல்லைன்னு சொல்ல என் கையெழுத்து கிடைக்காது."

கண்காணிப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து, என் பழைய குரலில், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில், "ஒண்ணாம் நம்பர் டோக்கன்" என்று கூப்பிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத கால்களில் மண்ணோடு, துடைத்த தரையில் தடம் பதித்துக்கொண்டு. மேலதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். கோப்பு அட்டையைத் தலையில் பிடித்திருந்த பெரியவர் அவரைப் பார்த்து, "வரிசை இங்கே நிக்குதும்மா, பின்னாடி வாங்க" என்றார். மேலதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "விதிப்படி செஞ்சுடுங்க" என்று கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விதிப்படி செய்தார்கள். சம்மதமில்லாத படம் வரைந்தவருக்கு. மற்ற விதிகள் எல்லாம் அச்சாகி எல்லாக் கட்டடங்களுக்கும் போய்விட்டன, கொட்டாவி உட்பட. அதை என் கையெழுத்தால் நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை ஓவியர் ஒரு சிநேகிதரோடு வந்தார். எட்டடிப் படம் வாசலில் திரும்ப இடம் போதாமல், வரிசையில் நின்றவர்களே இரண்டு பக்கமும் ஒதுங்கி, நான்கு பேர் கைகொடுத்து வெளியே கொண்டுபோனார்கள். ஓவியர் ஜன்னலுக்கு வந்தார்.

"கடையில மாட்டப் போறேன்கா. ஒரு நாள் வாங்க."

"என்னைப் பார்க்க நான் எதுக்கு வரணும்" என்றேன். "உங்கம்மாவைப் பார்க்க வரேன்."

இப்போது அந்தச் சுவரில் ஒரு அருவியின் படம் இருக்கிறது, அச்சடித்தது. மனிதர்கள் யாரும் இல்லை. மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது, பேராசிரியர் பார்த்தால் சந்தோஷப்படுவார். அருவியைச் சுற்றிப் பழைய படத்தை மாட்டிய ஆணித் துளைகள் எட்டடி அகலத்துக்குத் தெரிகின்றன.

ஒரு வாரம் கழித்து ஒரு அம்மா வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், கையில் துணிப்பை. விரலை நீட்டாமல் திரும்பித் திரும்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு படம் இருந்துச்சே. எங்களை எல்லாம் போட்டிருந்துச்சே."

"ஆமாம்மா."

"அதுல நானும் இருந்தேன். பெஞ்சுக்குப் பக்கத்துல, இந்தப் பையோட. என் பேத்திக்குக் காட்டலாம்னு இன்னிக்குக் கூட்டிட்டு வந்தேன். அதை யாரு எடுத்தாங்க?"

அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழு எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். மேலிடம் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார், எல்லோரும் அப்படித்தான் நம்பிப் போகிறார்கள்.

"நான்தாம்மா" என்றேன். "நான்தான் மனு எழுதி எடுக்க வெச்சேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு விரலை நீட்டினார்.

பஞ்சை நனைத்தேன். அந்த விரலில் ரேகையே இல்லை. துடைத்து, மை தொட்டு, நகத்தின் மேல் என் விரலை வைத்து உருட்டினேன். மூன்று தாள் வீணாயிற்று. நான்காவதில் வந்தது.